நவம்பருக்கு முன்னால் நடக்கும் தேர்தல்

வாசகர் கேட்க, டீச்சர் சொல்கிறார்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழு அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றியவை. 1986 முதல் 1989 வரை நான் அங்கே அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்ற ஊரில் கணிதம் படித்தேன் என்று எப்போதோ இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதை ஞாபகம் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் சமையல், வீட்டுக்கடன் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறேன்.

கே: செய்தியில் ‘பிரைமரி’, ‘காகஸ்’ என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா? தேர்தல் நவம்பரில்தானே, ஜனவரியிலேயே எதற்கு ஓட்டு?
*– வாசகி, பட்டர்வொர்த்*

நவம்பரில் நடப்பது இரண்டாவது தேர்தல், அம்மா. ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை முடிவு செய்யத்தான் ஜனவரியிலிருந்து ஜூன் வரை மாநிலம் மாநிலமாக ஓட்டுப் போடுகிறார்கள். பிரைமரி என்பது நமக்குப் பழகிய மாதிரியேதான்: வாக்குச்சாவடி, வாக்குச்சீட்டு, பெட்டி. ஆனால் சீட்டில் இருக்கும் பெயர்கள் எல்லாமே ஒரே கட்சிக்காரர்களின் பெயர்கள். பெரும்பாலும் மாநில அரசாங்கமே இதை நடத்துகிறது. சில மாநிலங்களில் அந்தக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டும் போடலாம். சில மாநிலங்களில் யார் வேண்டுமானாலும் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கிப் போடலாம்.

காகஸ் என்பது கூட்டம். கட்சியே நடத்துவது. இங்கே மலேசியாவில், நம் தாமானில் (குடியிருப்பில்) பாலாய் ராயாவில் (பொது மண்டபத்தில்) ராத்திரி கூடிப் பேசுகிறோமே, அதைப் போல. அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

1988 பிப்ரவரி 8, திங்கட்கிழமை இரவு. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா, “வா, இதைப் பார்க்காமல் ஊர் திரும்பாதே” என்று கையோடு அழைத்துப் போனார். ஓர் ஆரம்பப் பள்ளியின் சிற்றுண்டிச்சாலை. வாசலில் வரிசையாகப் பனிக்காலணிகள், அவற்றின் கீழே உருகிய பனி குளம் கட்டி நின்றது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சுகளில் பெரிய பெரிய விவசாயிகள் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். நான் குடிமகள் இல்லை என்பதால் கூட்டத் தலைவர் என்னைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். கையை மட்டும் தூக்கிவிடக் கூடாது என்றார்.

அது ஜனநாயகக் கட்சியின் கூட்டம். சுவரில் வேட்பாளர் பெயர்களைக் கலர் பேனாவில் எழுதி அங்கங்கே ஒட்டியிருந்தார்கள். யார் உங்கள் ஆளோ, அந்தப் பெயருக்குக் கீழே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். மறைவு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், மளிகைக்கடைக்காரர், பிள்ளையின் ஆசிரியர், எல்லோரும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். (குடியரசுக் கட்சிக்காரர்கள் வேறு இடத்தில் கூடினார்கள். அவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள்.)

அறையில் ஏறத்தாழ 120 பேர். 15 விழுக்காடாவது சேராத அணி நிற்க முடியாது என்பது விதி. அதாவது 18 தலை வேண்டும். எங்கள் வீட்டுக்கார அம்மாவின் ஆள் புரூஸ் பாபிட், அரிசோனாவின் முன்னாள் ஆளுநர். வரியை உயர்த்தாமல் கணக்கு நேராகாது என்று வெளிப்படையாகச் சொன்ன மனிதர். அவர் பெயரின் கீழே நின்றவர்கள் 11 பேர்.

அப்புறம்தான் நான் மறக்காத அந்த அரை மணி நேரம். சேர்க்க ஆள் இல்லாத அணியைக் கலைத்துத் தங்கள் பக்கம் இழுக்க மற்ற அணியினர் வந்துவிட்டார்கள். விதைக் கம்பெனித் தொப்பி போட்ட ஒருவர் இன்னொரு வேட்பாளரான ரிச்சர்ட் கெப்ஹார்ட்டுக்காகப் பேசினார். கொரியா வரி போட்டு அமெரிக்கக் காரின் விலையைப் பல மடங்கு ஏற்றிவிடுகிறது, இதைத் தட்டிக் கேட்க கெப்ஹார்ட்தான் சரி என்றார். என்னைப் பார்த்து, “உங்கள் ஊரில் எங்கள் கார் என்ன விலை, பெண்ணே?” என்று கேட்டார். எங்கள் ஊரில் எங்கள் காரே மூன்று வருடமாக ஓடுகிறது, அதன் பெயர் புரோட்டோன் சாகா என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தார். நல்ல மனிதர். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இன்னொரு பக்கம் பவ் டை கட்டும் இலினாய் செனட்டர் பால் சைமனின் அணி. “பக்கத்து மாநிலத்துக்காரர், நம் மண்ணைத் தெரிந்தவர்” என்று ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

கடைசியில் எங்கள் அம்மா கோட்டிலிருந்து பாபிட் பட்டனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சைமன் பக்கம் நடந்து போனார். கூட்டத் தலைவர் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணிக்கை ஒத்துவராததால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அன்று இரவு அயோவா முழுவதும் ஏறத்தாழ 2,500 இடங்களில் இதே வேலை நடந்தது.

முடிவு என்ன தெரியுமா? ஜனநாயகக் கட்சியில் கெப்ஹார்ட் முதலிடம், சைமன் இரண்டாவது, மைக்கேல் டுகாக்கிஸ் மூன்றாவது. குடியரசுக் கட்சியில் பாப் டோல் முதலிடம், பாட் ராபர்ட்சன் இரண்டாவது, அப்போதைய துணை அதிபர் ஜார்ஜ் புஷ் மூன்றாவது. அந்த வருடம் நவம்பரில் எதிரெதிரே நின்றவர்கள் அயோவாவில் மூன்றாவதாக வந்த அந்த இருவரும்தான். எட்டு நாள் கழித்து நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில் இருவருமே ஜெயித்து எழுந்துவிட்டார்கள். அயோவா முடிசூட்டுவதில்லை. யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதைத்தான் முதலில் சொல்கிறது. பாபிட் அந்த மாதமே விலகிவிட்டார்.

கே: அப்படி ஓட்டுப் போட்டு எதை எண்ணுகிறார்கள்? அதிக ஓட்டு வாங்கியவர் வேட்பாளரா?
*– வாசகர், கெப்போங்*

எண்ணுவது பேராளர்களை. கட்சி மாநாட்டுக்குக் கிளையிலிருந்து பேராளர் போவது நமக்குப் புதிதில்லை. அங்கேயும் அதேதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை பேராளர் என்று கட்சி ஒதுக்குகிறது. பிரைமரியிலோ காகஸிலோ வாங்கிய பங்கைப் பார்த்து அந்தப் பேராளர்கள் வேட்பாளர்களுக்குப் பிரிக்கப்படுகிறார்கள். கோடையில் தேசிய மாநாடு கூடும்போது பாதிக்கு மேல் யார் கையில் இருக்கிறதோ அவர் வேட்பாளர். 2024-ல் குடியரசுக் கட்சியில் மொத்தம் 2,429 பேராளர்கள், 1,215 பேர் கிடைத்தால் போதும்.

பிரிக்கும் முறைதான் கட்சிக்குக் கட்சி வேறுபடும். ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலத்திலும் வாங்கிய வாக்கின் விகிதப்படிதான் பங்கு. குடியரசுக் கட்சியில் சில மாநிலங்களில் முதலாவது வந்தவருக்கே மொத்தமும் போய்விடும். அதனால் அந்தக் கட்சியில் ஒருவர் பாதி வாக்குகூட வாங்காமல் வேகமாக முன்னேறிவிட முடியும். 2016-ல் டிரம்புக்கு அது உதவியது.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். குவாம், புவேர்ட்டோ ரிக்கோ, அமெரிக்கச் சமோவா போன்ற தீவுகளில் இருப்பவர்கள் பிரைமரியில் ஓட்டுப் போடலாம், மாநாட்டுக்குப் பேராளர் அனுப்பலாம். நவம்பரில் அதிபருக்கு ஓட்டுப் போட அவர்களுக்கு உரிமை கிடையாது. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள், ராணுவத்தில் சேர்ந்து உயிரையும் கொடுக்கிறவர்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

கே: என்ன இருந்தாலும் கடைசியில் கட்சித் தலைவர்கள் நினைக்கிற ஆள்தானே வருவார்? மக்கள் ஓட்டு எல்லாம் கண்துடைப்பு என்கிறார் என் மாமா.
*– வாசகர், செந்தூல்*

உங்கள் மாமா சொல்வது ஒரு காலத்தில் முழு உண்மை. 1912-ல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சிப் பிரைமரிகளில் பெரும்பாலானவற்றை ஜெயித்தார். மாநாடு போய் அப்போதைய அதிபர் டாஃப்டைத் தேர்ந்தெடுத்தது. 1924-ல் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் 103 முறை வாக்கெடுத்துதான் ஒரு பெயருக்கு வந்தார்கள், அந்த மனிதரும் நவம்பரில் தோற்றார். இதெல்லாம் அறைக்குள்ளே பேரம் பேசி நடந்தவை.

மாறியது 1968-க்குப் பிறகு. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த வருடம். போரை எதிர்த்த யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் பிரைமரிகளில் மோதிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவில் ஜெயித்த இரவிலேயே கென்னடி சுடப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாடு, ஒரு பிரைமரியில்கூட நிற்காத ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளர் ஆக்கியது. வெளியே தெருவில் போலீஸ் இளைஞர்களை அடிப்பதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஹம்ஃப்ரி தோற்றார். அதன்பின் கட்சி ஒரு குழுவைப் போட்டு விதிகளை மாற்றியது. 1972 முதல் பேராளர்களை மக்கள் ஓட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று ஆனது. குடியரசுக் கட்சியும் பின்னாலேயே வந்தது.

தலைவர்களின் செல்வாக்கு முழுக்கப் போய்விடவில்லை. ஜனநாயகக் கட்சி மேலவை உறுப்பினர்கள், ஆளுநர்கள் போன்றோரைத் தனிப் பேராளர்களாகச் சேர்த்தது. 2016-ல் ஹிலரி கிளின்டனுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு, போட்டி இருக்கும் மாநாட்டில் முதல் சுற்றில் அவர்கள் வாக்களிக்கக் கூடாது என்று 2018-ல் விதி வந்தது. ஆனால் 2016-ல் குடியரசுக் கட்சியின் பெரிய தலைகள் பலருக்கு டிரம்பைப் பிடிக்கவில்லை. பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்களுக்குப் பிடித்தது. வந்தது யார் என்று மாமாவிடமே கேளுங்கள்.

கே: என் தாத்தா மன்னார்குடிப் பக்கம். கமலா ஹாரிஸ் தாய்வழித் தாத்தாவின் ஊர் துளசேந்திரபுரமும் அங்கேதான் என்பதால் வீட்டில் எல்லோரும் ஆர்வமாக இருந்தோம். அவர் பிரைமரியே இல்லாமல் எப்படி வேட்பாளர் ஆனார்? அது சட்டப்படி சரியா?
*– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு*

சட்டப்படி சரி, தங்கை. கட்சி வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சாசனத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. கட்சி என்ற சொல்லே அதில் இல்லை. அது கட்சியின் சொந்த விதி.

2024 பிரைமரிகளில் அதிபர் பைடன்தான் நின்றார், பேராளர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் அவர் பக்கம். ஜூலை 21 அன்று அவர் விலகினார். விலகியதும் அந்தப் பேராளர்கள் யாருக்கும் கட்டுப்படாதவர்கள் ஆகிவிட்டார்கள். பைடன் ஹாரிஸை ஆதரித்தார், எதிர்த்து நிற்கப் பெரிய ஆள் யாரும் வரவில்லை, ஆகஸ்ட் தொடக்கத்தில் பேராளர்கள் இணையவழி வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிகாகோ மாநாடு அதற்குப் பிறகுதான் கூடியது.

ஆனால் நீங்கள் கேட்ட ‘சரியா’ என்பதில் இன்னொரு அர்த்தமும் இருக்கிறது, அதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2020 தேர்தலுக்காக ஹாரிஸ் களத்தில் இறங்கி, 2019 டிசம்பரிலேயே, அயோவா வருவதற்கு முன்பே விலகினார். அதாவது அதிபர் வேட்பாளர் என்ற முறையில் ஒரு மாநிலத்திலும் பிரைமரி வாக்காளர் முன் அவர் நிற்கவே இல்லை. எனக்கும் அவர் வெற்றி பெற வேண்டும் என்ற ஆசை இருந்தது, மறைக்கவில்லை. இருந்தாலும் அந்தப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் 120 பேர் கேட்ட மாதிரிக் கேள்விகளைச் சந்திக்காமல் வந்தது அவருக்குப் பலவீனமாகவே இருந்தது என்று நினைக்கிறேன். பைடன் ஒரு வருடம் முன்பே ஒதுங்கியிருந்தால் ஹாரிஸுக்கே அது நல்லதாக இருந்திருக்கும்.

கே: அதிக ஓட்டு வாங்கியவர் தோற்பது எந்த ஊர் நியாயம்?
*– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்*

நம் ஊரிலும் நடந்ததுதான் ஐயா. 2013 மலேசியப் பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சிகளின் மக்கள் கூட்டணிக்கு ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்கு, 89 இடம். ஆளும் தேசிய முன்னணிக்கு 47 விழுக்காடு, 133 இடம். நாடாளுமன்றத்தின் 222-ல் யாருக்கு அதிகத் தொகுதி என்றுதானே பார்க்கிறோம்.

அமெரிக்காவில் தொகுதிக்குப் பதில் மாநிலம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் ‘தேர்வாளர்கள்’ உண்டு. கீழவையில் எத்தனை உறுப்பினரோ அத்தனை, அதோடு மேலவை உறுப்பினர் இருவருக்காக இரண்டு. மக்கள் போடும் ஓட்டு உண்மையில் அந்தத் தேர்வாளர்களுக்கு. 435-ம் 100-ம் சேர்த்து 535, தலைநகர் வாஷிங்டனுக்கு 1961-ல் வந்த திருத்தத்தின்படி 3, ஆக 538. பாதிக்கு மேல் 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாநிலத்திலும் ஓர் ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அந்த மாநிலம் முழுதும் போகும்.

என் பழைய மாணவர்களுக்கு இதைக் கணக்காகவே கொடுப்பேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வயோமிங்கில் 5 லட்சத்து 77 ஆயிரம் பேர், 3 தேர்வாளர்: ஒரு தேர்வாளருக்கு 1 லட்சத்து 92 ஆயிரம் பேர். கலிஃபோர்னியாவில் 3 கோடியே 95 லட்சம் பேர், 54 தேர்வாளர்: ஒருவருக்கு 7 லட்சத்து 32 ஆயிரம் பேர். வகுப்பில் இந்த விடை வந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள்.

இதனால் 1824, 1876, 1888, 2000, 2016 ஆகிய ஐந்து தேர்தல்களில் மக்கள் வாக்கில் பின்தங்கியவர் அதிபர் ஆனார். 2000-ல் ஃபுளோரிடாவில் 60 லட்சம் வாக்குகளுக்கு நடுவே 537 வாக்கு வித்தியாசம், அதில் புஷ்ஷின் மகன் அதிபர் ஆனார். 2016-ல் ஹிலரி கிளின்டன் நாடு முழுவதும் 28 லட்சம் வாக்குக்கு மேல் முன்னணியில் இருந்தார். மிஷிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 80 ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்றார். 2024-ல் அப்படிக் குழப்பம் இல்லை: டிரம்ப் 312, ஹாரிஸ் 226, மக்கள் வாக்கிலும் டிரம்ப்தான் முன்னணி.

அந்தத் தேர்வாளர்கள் டிசம்பரில் அவரவர் மாநிலத் தலைநகரில் கூடி வாக்களிக்கிறார்கள். 1988-ல் மேற்கு வர்ஜினியா தேர்வாளர் ஒருவர் டுகாக்கிஸுக்குப் போட வேண்டியதை அவருடைய துணை அதிபர் வேட்பாளரான பென்ட்சனுக்கு மாற்றிப் போட்டார். அதனால்தான் சரித்திரப் புத்தகத்தில் டுகாக்கிஸுக்கு 112 இல்லை, 111 என்று இருக்கும். அப்படி மாறிப் போடுபவரை மாநிலம் தண்டிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்துவிட்டது.

கே: ஏன் எப்போதும் செவ்வாய்க்கிழமை?
*– மாணவர், ஆயர் ஈத்தாம்*

1845-ல் போட்ட சட்டம். நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். அறுவடை முடிந்திருக்கும், ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டு திங்கள் குதிரைவண்டியில் புறப்பட்டால் செவ்வாய் போய்ச் சேரலாம். இன்று அது வேலைநாள், பல மாநிலங்களில் விடுமுறையும் இல்லை.

கே: டிரம்ப் மூன்றாம் முறை வெல்லலாமா?
*– வாசகர், பிறை*

முடியாது. 1951-ல் உறுதியான 22-ஆம் திருத்தம், ஒருவர் இருமுறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்கிறது. 2016-ம் 2024-ம் இரண்டு முறை.

கே: பிரைமரி மாதிரி நம் நாட்டிலும் வந்தால் நன்றாக இருக்குமா, டீச்சர்?
*– வாசகி, பாயான் லெப்பாஸ்*

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற பதில்களை எல்லாம் எழுதினேன் என்றே சொல்லலாம்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு கட்சியில் 30 வருட உறுப்பினர். கொடி கட்டுவார், ராத்திரி பகலாகப் பந்தல் போடுவார், வயதானவர்களைத் தன் வேனில் ஏற்றி வாக்குச்சாவடிக்குக் கொண்டு போவார். ஒரு பொதுத்தேர்தலில் எங்கள் தொகுதி வேட்பாளர் யார் என்பதை அவர் தொலைக்காட்சிச் செய்தியில்தான் தெரிந்துகொண்டார். வந்தவர் வேறு ஊர்க்காரர். அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, “நம்மளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் டீச்சர்” என்றார். மறுநாள் காலை அதே வேட்பாளருக்குக் கொடி கட்டப் போனார். அந்த வாசலில் நிற்கும்போது அவர் முகத்தை நான் பார்த்தேன், எனக்கு அயோவாவின் விதைத் தொப்பிக்காரர் ஞாபகம் வந்தார். அந்த மனிதரிடம் கேட்டார்கள். என் பக்கத்து வீட்டு அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்காக அந்த முறையை அப்படியே கொண்டுவர வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அதற்கு இரண்டு வருடமும் மலைமலையாகப் பணமும் வேண்டும். குளிரில் ராத்திரி கூட்டத்துக்கு வர முடியாத தாதியும் தொழிற்சாலை இரவு ஷிஃப்ட்காரரும் காகஸில் இல்லவே இல்லை. 2024 ஜனவரியில் கடும் பனியில் அயோவா குடியரசுக் கட்சி காகஸுக்கு வந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர்தான், மாநிலத்தில் 30 லட்சத்துக்கு மேல் மக்கள். நம் பிரதமரையும் நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, மக்களவையில் பெரும்பான்மை யாருக்கு என்று பார்த்து மாமன்னர் நியமிக்கிறார். அமைப்பே வேறு.

ஆனால் நான் கேட்பது சின்ன விஷயம். தொகுதி வேட்பாளர் பெயர் வருவதற்கு முன், அந்தத் தொகுதியின் கட்சி உறுப்பினர்கள் ஒரு மண்டபத்தில் கூடட்டும். நிற்க விரும்பும் மூன்று பேர் வந்து பேசட்டும், உறுப்பினர்கள் கேள்வி கேட்கட்டும், ரகசியச் சீட்டில் வாக்களிக்கட்டும். அதற்கு அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை, கட்சி விதியைத் திருத்தினால் போதும். 1968-க்குப் பிறகு அங்கே நடந்ததும் அதுதான். நீங்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும், அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் எனக்குக் கடிதம் போடுங்கள், வாசகம் நான் எழுதித் தருகிறேன்.

கே: எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டேன். அக்கா அயோவாவில் இருக்கிறார், அங்கேயே படிக்கப் போகலாம் என்று இருக்கிறேன். 2028-ல் காகஸ் பார்க்க முடியுமா, டீச்சர்?
*– மாணவி, பாலேக் பூலாவ்*

போகலாம் கண்ணு. ஆனால் நான் பார்த்த மாதிரி மூலைக்கு மூலை நின்று தோளைத் தொட்டு எண்ணுவதைப் பார்ப்பாயா என்பது சந்தேகம். 2020-ல் ஜனநாயகக் கட்சி முடிவுகளை அனுப்பப் பயன்படுத்திய செயலி சொதப்பி, முடிவு வர நாள்கணக்கில் ஆனது. 2024-ல் அந்தக் கட்சி அயோவாவில் தபால் அட்டை மூலம் விருப்பத்தைக் கேட்டது, முதலிடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்துவிட்டது. குடியரசுக் கட்சியினர் இன்னும் கூட்டமாகத்தான் கூடுகிறார்கள், அங்கே பேச்சைக் கேட்கலாம். முதலில் கூட்டத் தலைவரிடம் அனுமதி கேள், சுவரோரம் உட்கார், கையைத் தூக்காதே. தடித்த காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள். காலணியை வாசலில் விட்டுவிட்டுத் தரையில் நிற்கும்போது அந்தக் குளிர் உள்ளங்காலில் ஏறும்.